ஹானாவில் வழிமறித்த விரேடே
தென் ஜெர்மானிய நாடான பவேரியாவின் தளபதி கார்ல் பிலிப் ஃபான் விரேடேயை அணி மாறியவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட என் மனம் ஒப்பவில்லை. 1809-இல் ஆஸ்திரியாவின் வாக்ராமில் நெப்போலியனுக்காகப் போரிட்டுக் காயமுற்ற அவர், 1812-இல் ரஷ்யாவுக்குச் சென்ற பவேரியப் படை பசியாலும் நோயாலும் குளிராலும் ஏறத்தாழ முழுவதும் அழிந்ததை நேரில் கண்டவர். 1813 அக்டோபர் 8-இல் பவேரியா நெப்போலியனை விட்டு எதிரணிக்கு மாறிய ரீட் உடன்படிக்கையில் அவரே கையெழுத்திட்டார். லைப்சிக் போரில் தோற்றுப் பிரான்சுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நெப்போலியனை, அக்டோபர் 30-இல் ஜெர்மானிய நகரான ஹானாவில் அவர் வழிமறித்தார். கின்சிக் ஆறு முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி படையை நிறுத்தியது பெரும் பிழை. பிரெஞ்சுப் பீரங்கிகள் அவரது அணியை உடைத்தன. மறுநாள் நகரை மீட்கத் தாமே முன்னின்று பாய்ந்து, படுகாயமடைந்தார். தோற்ற அந்தத் தளபதியைத்தான் பவேரியா 1814-இல் ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தியது.