பதினேழாவது படம்

சின்னவள் நீளம் தாண்டுதலில் இரண்டாம் பரிசு வாங்கிய செய்தியை என் மாமியார் பால்காரர் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டதால், அதில் எனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. நான் சொல்ல வந்தது புகைப்படங்களைப் பற்றி. மூன்று தாண்டல்களுக்கு 128 படங்கள் எடுத்தேன். பள்ளியில் ஏற்பாடு செய்திருந்த ஸ்டுடியோக்காரர் மூன்றே படங்கள் எடுத்தார். இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டப்போவது அவர் எடுத்ததில் ஒன்று.

கேமரா வாங்கிய கதையை மறுபடி கிளற வேண்டாம். பழைய பிரிட்ஜ் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. நொடிக்கு 15 படங்கள் எடுக்கும் என்றுதான் அதை வாங்கினேன், அந்தப் பதினைந்தில் ஒன்றாவது உருப்படியாக இருக்காதா என்பதுதான் என் கணக்கு. முதல் தாண்டலில் அந்தக் கணக்கு மீசையில் சிக்கிக்கொண்டது. ஓடிவந்த பிள்ளையை விட்டுவிட்டு, ஆட்டோஃபோகஸ் மணல்குழி ஓரமாகக் கொடியோடு நின்ற பி.டி. சாரின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. 46 படங்களிலும் அவருடைய மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். பின்னால் ஊதா நிறத்தில் ஒரு புகை பறக்கிறது, அதுதான் சின்னவள்.

இரண்டாவது முறை புத்திசாலித்தனமாக அவள் ஓடத் தொடங்கியதுமே பொத்தானை அமுக்கினேன். பதப்படுத்தாத பெரிய பெரிய ரா கோப்புகளைக் கேமரா முதலில் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகுதான் மெமரி கார்டில் எழுதும். குடத்துத் தண்ணீரைப் புனலில் கவிழ்த்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அவள் பலகையை நெருங்கியபோது பஃபர் நிறைந்து, சிவப்பு விளக்கு மட்டும் மின்னிக்கொண்டிருக்க, கேமரா அசையாமல் நின்றது. பக்கத்தில் இருந்த மாமியார், "என்ன மாப்பிள்ளை, அதுக்கு மூச்சு வாங்குதா?" என்று கேட்டார். அவள் ஓடிவருவதற்கு 51 படங்கள் இருக்கின்றன. தாண்டியதற்கு ஒன்றுகூட இல்லை.

அந்த இடைவெளியில்தான் ஸ்டுடியோக்காரரைக் கவனித்தேன். 36 படங்கள் கொண்ட ஃபிலிம் ரோலை வைத்துக்கொண்டு கல்யாணம் முழுவதையும் முடித்த தலைமுறை அவர். டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் விரலின் சிக்கனம் மாறவில்லை. மணல்குழியின் ஓரிடத்துக்கு ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு, வ்யூஃபைண்டரில் ஒரு கண்ணும் பலகையில் ஒரு கண்ணுமாகக் காத்திருந்தார். எப்படி அண்ணே என்று கேட்டதற்கு, "மேல போனதைப் பார்த்துட்டு அமுக்கினா மண்ணுதான் சார் கிடைக்கும். கால் கிளம்புறப்பவே அமுக்கிடணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண் பார்த்து விரல் அமுக்குவதற்குள் ஏறக்குறைய கால் நொடி போய்விடுகிறது. அந்த வயதுப் பிள்ளை காற்றில் இருப்பதே அரை நொடி அளவுதான், அதன் உச்சி கால் நொடியில் வருகிறது. கால் கிளம்புவதைப் பார்த்து அமுக்கினால், விரலின் தாமதமும் தாண்டலின் உச்சியும் ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. அந்த மனிதர் இந்தக் கணக்கை எந்தக் காகிதத்திலும் போட்டிருக்க மாட்டார் என்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

அவருடைய மூன்றாவது படத்தில் சின்னவள் வானத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு சடையும் மேலே எழும்பி நிற்கின்றன, வாய் திறந்திருக்கிறது, தரையே தெரியவில்லை. அதே தாண்டலுக்கு என்னிடம் 31 படங்கள் இருந்தன, இம்முறை எல்லாமே தெளிவாக. இரவு சாப்பிட்ட பிறகு அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு அவற்றை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள்.

1878-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடுபாதையோரம் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, குதிரை தன் ஓட்டத்தில் நூலை அறுக்க அறுக்க ஒவ்வொன்றாகப் படம் எடுக்கச் செய்தார். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பதற்கு, கண்ணால் சொல்ல முடியாத விடையை அந்தப் படங்கள் சொல்லின. தொடர் படங்களுக்கு அன்றிலிருந்தே சாட்சி சொல்லும் பழக்கம் உண்டு. என்னுடைய பதினேழாவது படமும் அதைத்தான் செய்தது.

அதில் அவளுடைய ஷூ முனை சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே இருக்கிறது. சிவப்புக் கொடி ஏறி, தாண்டல் செல்லாமல் போக வேண்டிய இடம் அது. ஆனால் பி.டி. சார் வெள்ளைக் கொடியைத்தான் உயர்த்தினார், ஏனென்றால் அந்தப் படத்தில் அவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. தையல் மிஷின் போலத் தடதடத்த என் கேமராவை நேராக முறைத்துக்கொண்டிருக்கிறார்.

சின்னவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தாள். நான் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல இருந்தேன். பிறகு கேமராவை என்னிடம் நீட்டி, "அப்பா, ஸ்டுடியோ மாமா எடுத்ததையே ஃப்ரேம் போட்டுக்கலாம்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

காலையில் எடுத்துப் பார்த்தால், அந்த வரிசையில் பதினாறுக்குப் பிறகு பதினெட்டு இருக்கிறது. அழிக்கும் பொத்தான் எது என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை.