கான்ஃபிகர் ‘நோ’ என்றால் எங்கே பார்ப்பது

ஒரு மென்பொருளைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்யும்போது, தேவையானவை மெஷினில் இருக்கின்றனவா என்று முதலில் சோதிப்பது கான்ஃபிகர் ஸ்கிரிப்ட். கட்டாயத் தேவையான லைப்ரரி இல்லாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அதில் தொல்லை இல்லை. விருப்பத் தேவைகளில்தான் சிக்கல். ‘நோ’ என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு, அந்த வசதியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, ஸ்கிரிப்ட் வெற்றியோடு முடிந்துவிடும். சரசரவென ஓடும் வரிகளுக்கு நடுவே அந்த ‘நோ’ யார் கண்ணில் படும்? குறியாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹெடர்கள் (லைப்ரரியின் ஃபங்ஷன்களைக் கம்பைலருக்கு அறிவிக்கும் கோப்புகள்) இல்லாமல் பைத்தானைக் கட்டினாலும் கட்டி முடியும். எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்பது, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் எதையும் இறக்க முடியாமல் திணறும்போதுதான் உறைக்கும்.

பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: லைப்ரரி இருக்கும், ஹெடர் இருக்காது. டெபியன், உபுண்டுவில் ‘லிப்எஸ்எஸ்எல்-டெவ்’, ஃபெடோராவில் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவல்’ என்று அதற்குத் தனிப் பேக்கேஜ் போட வேண்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல லைப்ரரிகளுக்கு வரிசையாக ‘நோ’ வந்தால், லைப்ரரிகள் எங்கே உள்ளன என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைப்ரரி வழக்கமான இடத்தில் இல்லையென்றால், பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் அதன் ‘.பிசி’ கோப்பு உள்ள டைரக்டரியை ‘பிகேஜி_கான்ஃபிக்_பாத்’ மாறியில் கொடுக்க வேண்டும்.

இதற்கும் மசியாவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் ‘கான்ஃபிக்.லாக்’ கோப்பைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு சோதனைக்கும் ‘கான்ஃப்டெஸ்ட்.சி’ என்று ஒரு குட்டி சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, பெரும்பாலும் லிங்கும் செய்து (லைப்ரரியோடு இணைத்து) பார்க்கிறது. திரையில் வந்த ‘செக்கிங்’ வரியை அந்த லாகில் தேடினால், ஓடிய கட்டளை, கம்பைலர் சொன்ன பிழை, தோற்றுப்போன நிரல் மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். கோப்பே இல்லை என்றால் ஹெடர் பிரச்சினை. லிங்கர் ‘-எல்’ போட்ட பெயரைக் காணோம் என்றால் பாத் பிரச்சினை. ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்றால் லைப்ரரி கிடைத்துவிட்டது, ஆனால் பழைய பதிப்பாக இருக்கலாம், அல்லது அதற்குத் துணையாக இன்னொரு லைப்ரரி வேண்டியிருக்கலாம்.

லைப்ரரி, ஹெடர் எல்லாம் சரியாக இருந்தும் ‘நோ’ வருவது உண்டு. 2024-இல் வந்த ஜிசிசி 14 கம்பைலர், அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதையும் வகை குறிப்பிடாத ‘மெயின்’-ஐயும் எச்சரிக்கையோடு விடாமல் பிழையாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளின் சோதனை நிரல்களில் இந்த இரண்டும் தாராளமாக உண்டு. அதாவது தோற்றது சோதனை நிரல். பழி விழுவது லைப்ரரி மேல். கம்பைலர் தெரிவுகளுக்கான ‘சிஃப்ளாக்ஸ்’ மாறியில், இந்தப் பிழைகளை எச்சரிக்கையாக்கும் ‘-எஃப்பெர்மிசிவ்’ சேர்த்து ஓட்டினால் ‘எஸ்’ வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ‘ஆட்டோரீகான்ஃப் -எஃப்ஐ’ கொடுத்து ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்குவதுதான் சரியான வழி; ஆசிரியர் கைப்பட எழுதிய சோதனை என்றால் அதையே திருத்த வேண்டும். எச்சரிக்கைகளைப் பிழையாக்கும் ‘-டபிள்யூஎரர்’-ஐக் கான்ஃபிகருக்கு முன்பே போட்டுவைத்தாலும் இதே கூத்துதான். அதை, நிரலைக் கம்பைல் செய்யும் மேக் கட்டத்தில் சேருங்கள்.

எந்த வசதி வேண்டுமோ அதை ‘--வித்’, ‘--எனேபிள்’ போட்டு வாய்விட்டுக் கேளுங்கள். ஒழுங்காக எழுதிய ஸ்கிரிப்ட், கேட்டது கிடைக்காவிட்டால் நின்றுவிடும். ஆனால் தெரிவின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கிய ஸ்கிரிப்ட் வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ‘--எனேபிள்-ஆப்ஷன்-செக்கிங்=ஃபேட்டல்’ சேர்த்தால் அதுவும் பிழையாகும். வேண்டாததை ‘--விதவுட்’ என்று மறுப்பதும் அதே அளவு முக்கியம்: பில்ட் மெஷினில் தற்செயலாகக் கிடந்த லைப்ரரியோடு பைனரி ஒட்டிக்கொண்டு, வேறு மெஷினுக்குப் போனதும் அது இல்லாமல் திறக்கவே மறுக்கும். மெசான் என்ற பில்ட் கருவியில் ‘-டிஆட்டோ_ஃபீச்சர்ஸ்=எனேபிள்ட்’ என்ற ஒரே தெரிவு, தானாக முடிவெடுக்கும் எல்லா வசதிகளையும் கட்டாயமாக்கிவிடும்.

விடுபட்ட பேக்கேஜைப் போட்ட பிறகு ‘மேக் டிஸ்ட்கிளீன்’ செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சோதனை முடிவுகளைச் சேமிக்கும் ‘-சி’ தெரிவோடு ஓட்டியிருந்தால் ‘கான்ஃபிக்.கேஷ்’ கோப்பும் போயிற்றா என்று பாருங்கள். சிமேக் என்ற பில்ட் கருவி, கிடைக்காத லைப்ரரியை அடுத்த முறை திரும்பத் தேடும். ஆனால் ‘செக்’ வகைச் சோதனைகளின் தோல்வியைக் கேஷில் வைத்துக்கொள்ளும். பதிப்பு 3.24 முதல் ‘--ஃப்ரெஷ்’ கொடுத்தால் போதும், அதற்கு முன் என்றால் ‘சிமேக்கேஷ்.டெக்ஸ்ட்’-ஐ அழிக்க வேண்டும். கடைசியாக, ஸ்கிரிப்ட் உருவாக்கிய ‘கான்ஃபிக்.எச்’-இல் உரிய ‘ஹேவ்_’ வரி 1 என்று இருக்கிறதா, பைனரிக்குத் தேவையான லைப்ரரிகளைப் பட்டியலிடும் ‘எல்டிடி’ அந்த லைப்ரரியைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள்.