கடற்கரைப் படிவத்தோடு ஓடைக்கு இறங்கிய கதை

தூத்துக்குடியில் கடல் உயிரியல் படிக்கிற சித்தி மகள் அனுப்பிய படிவம் அது. கடற்கரையில் 100 மீட்டர் அளந்து, 2.5 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குப்பையை எல்லாம் துண்டு துண்டாக எண்ணி வகை பிரிக்க வேண்டும். "உங்க குன்னூர் ஓடையிலயும் இதையே செய்யலாமேக்கா" என்றாள். எங்கள் தண்ணீர் மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் விழுந்து, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்து, பூம்புகார் வரை போகிறது. நடுவில் பவானிசாகர் அணை மறிக்கிறதுதான். அதற்காக நாம் போட்டது நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா?

அனுமதிக்கே இரண்டு வாரம் போயிற்று. எஸ்டேட்காரர் ஓர் அலுவலகத்தைக் காட்ட, அங்கே எஸ்டேட்காரரையே காட்டினார்கள். "எண்ணத்தான் போகிறேன், புகார் கொடுக்க இல்லை" என்று எழுதிக் கொடுத்த பிறகு விட்டார்கள்.

இறங்கினால் படிவம் பொருந்தவில்லை. கடற்கரையில் அலை வற்றும் நேரம் பார்த்து, தண்ணீர் விளிம்பிலிருந்து மேலே செடி முளைக்கிற இடம் வரை எண்ணுவார்கள். ஓடையில் ஏது அலை? உண்ணிப் புதரில் இடுப்பு உயரத்துக்குக் கந்தலாய்த் தொங்கிய பாலிதீன்தான் வழி சொன்னது: போன வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது. அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன். வலைத் துண்டு, மிதவை எல்லாவற்றையும் அடித்துவிட்டு, தேயிலை நாற்றுப் பை, உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா என்று எழுதிச் சேர்த்தேன். அட்டைப்பூச்சிக்கு உப்பு வேறு மடியில்.

முதல் தடவை ஈரத்தோடே எடை போட்டது என் முட்டாள்தனம். நனைந்த டயப்பர் நாலைந்து, மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. அப்புறம் மொட்டைமாடியில் காயவைத்துத்தான் எடை. பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எண்ணி முடித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. மது பாட்டில் ரொம்பக் குறைவு. 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் தரும் ஏற்பாடு வந்தது. அதிலிருந்து அதைப் பொறுக்கவே ஆள் உண்டு. யாரும் குனிந்து எடுக்காத ஷாம்பு பாக்கெட், சிப்ஸ் கவர்தான் பாதிக்கு மேல்.

தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "மொத்தம் எத்தனை கிலோம்மா?" என்றார் அதிகாரி. கிலோவில் பார்த்தால் ஒன்றுமில்லை சார், துண்டுக் கணக்கைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் கடைத்தெரு சாக்கடை ஓடையில் விழும் இடத்தில் கம்பி வலை போடச் சம்மதித்தார். வலை வந்துவிட்டது, அதை அள்ளும் ஆள் வாரம் ஒருமுறை வருகிறார், மழை வாரத்தில் வருவதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் எண்ண வேண்டும். அடையாளத்துக்கு வைத்த கல்லை ஐப்பசி மழை அடித்துப் போய்விட்டது. இப்போது பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.