திடப்படுத்தல் வகுப்பு எடுத்த அனுபவம்

எங்கள் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி), பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிட்டுச் சபையின் முழு உறுப்பினராகும் திடப்படுத்தலுக்கான ஆயத்த வகுப்பை நடத்தும் பொறுப்பைச் சபையார் இருவரிடம் ஒப்படைப்பதென்று சேகர கமிட்டி தீர்மானித்தபோது, ஞாயிறு பள்ளியில் நெடுநாள் பாடம் நடத்தியவன் என்பதால் என் பெயரும் முன்மொழியப்பட்டது. குருவானவர் உடனே இசையவில்லை. "பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கூறி, 'உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக' என்னும் யாக்கோபு 3:1-ஐ எடுத்து வாசித்தார். போதிக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை உண்டு என்று அதே வசனம் சொல்வதால், ஆர்வமுள்ளவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வகுப்பில் நிறுத்துவது சபைக்குச் செய்யும் அநியாயம் என்பது அவர் கருத்து. அது சரியென்றே எனக்கும் படுகிறது.

மாலைகளில் குருமனைத் திண்ணையில் அமர்ந்து, அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா விசுவாசப் பிரமாணத்தையும் வரிவரியாக விளக்கிக் காட்டினோம். ஞாயிறுதோறும் எழுந்து நின்று மனப்பாடமாகச் சொல்லும் வரிகள்தாம். ஆயினும், 'பிதாவோடே ஒரே தன்மையுடையவர்' என்று 325-ஆம் ஆண்டில் நிசேயாவில் கூடிய ஆயர்கள் ஏன் வற்புறுத்த வேண்டியிருந்தது என்று அவர் கேட்டபோது, குமாரன் பிதாவால் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுவின் போதனையில் தொடங்கி முழு வாதத்தையும் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. பத்துக் கட்டளைகளும் கர்த்தருடைய ஜெபமும் விரைவில் முடிந்தன.

வகுப்பு தொடங்கியபின்புதான் வேலையின் அளவு தெரிந்தது. பதினைந்து வயதை ஒட்டிய பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. கைப்பேசிப் பிரசங்கங்களிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் கேட்டவற்றை நிறையக் கொண்டுவந்தார்கள். திரித்துவம் என்றால் என்னவென்று கேட்டதற்கு ஒரு பையன் தயங்காமல், "ஒரே ஆள் வீட்டில் அப்பா, ஆபீசில் மேனேஜர், பாட்டிக்கு மகன், அதுபோலத்தான் அண்ணா" என்றான். மேடைகளில் அடிக்கடி கேட்கும் உதாரணம் இது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்த சபேல்லியுவின் பெயரால் அறியப்பட்டு, திருச்சபை புறந்தள்ளிய போதனையும் இதுவே. அவனைத் திருத்துவதற்கு அந்தப் பெயர் தேவைப்படவில்லை. மத்தேயு 3-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். குமாரன் யோர்தானிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப்போல இறங்குகிறார், பிதாவின் சத்தம் வானத்திலிருந்து உண்டாகிறது. "அப்படியானால் அங்கே ஒருவரே மூன்று வேடம் போடவில்லை" என்று அவனே சொன்னான்.

மற்றொரு கேள்வி இத்தனை எளிதாக முடியவில்லை. "அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் குணமாகவில்லை என்று ஜெபக்குழுவில் சொன்னார்கள், சரியா அண்ணா?" என்று ஒரு மாணவி கேட்டாள். தன்னோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று பவுல் எழுதியதையும், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னதையும், பிறவிக்குருடனைக் குறித்து 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்று இயேசு கூறியதையும் அவளோடு உட்கார்ந்து வாசித்தோம். வசனங்களை நோட்டில் எழுதிக்கொண்டு, அம்மாவிடம் காட்டுவதாகச் சொல்லிச் சென்றாள். உபதேசம் என்பது இறையியல் கல்லூரிக்குரிய விஷயம், சாதாரண விசுவாசிக்கு ஜெபமே போதும் என்போர் அந்த வீட்டுக்கு ஒருமுறை போய்வரலாம்.

அந்த ஜெபக்குழுவை நடத்துகிறவரைக் கமிட்டியில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று சிலர் வாதிட்டார்கள். குருவானவர் இணங்கவில்லை. முழுதும் அறியாமல் போதித்துவந்த அப்பொல்லோவை ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் தனியே சேர்த்துக்கொண்டு விவரித்துக் காண்பித்த முறையைச் சுட்டிக்காட்டி, தாமே அவருடைய வீட்டுக்குச் சென்றார். நீண்ட பேச்சுக்குப்பின், குணமாகுதலைப் பற்றிப் பேசுமுன் குருவானவரோடு கலந்துகொள்வதாக அவர் ஒப்புக்கொண்டார். இன்றும் எல்லாவற்றிலும் உடன்படுகிறார் என்று சொல்ல மாட்டேன்.

பேராயர் கைகளை வைத்து ஜெபித்த திடப்படுத்தல் ஆராதனைக்கு முன், குருவானவர் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, மனப்பாடத்தைக் கேட்காமல், விசுவாசப் பிரமாணத்தின் ஏதேனும் ஒரு வரியைச் சொந்தச் சொற்களில் விளக்கச் சொன்னார். இருவரை அடுத்த ஆண்டுக்கு நிறுத்தி வைத்தார். பெற்றோருக்கு வருத்தந்தான், அவர்களில் ஒரு தகப்பனார், தமக்கும் இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை என்று கேட்டுக்கொண்டதால், பெரியவர்களுக்கான வகுப்பைப் புதன்கிழமை மாலைகளில் கலாத்தியர் நிருபத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம்.