"கலந்து பேசி"ங்கற ரெண்டு வார்த்தைக்காக 11 மாசம் கோர்ட்டுக்கு அலைஞ்ச கதை

டைவர்ஸுக்கு அப்புறம் புள்ளையை அவங்கப்பா எப்ப, எப்படி பாக்கலாம்னு கோர்ட் போட்ட ஆர்டரோட சர்ட்டிஃபைட் காப்பி போன வாரம்தான் கைக்கு வந்துச்சு. கோவம் ஆறிடுச்சுன்னா பாதி மறந்துரும், அதான் சூட்டோட எழுதறேன். மியூச்சுவல் கன்சென்ட்ல, அதாவது ரெண்டு பேரும் சம்மதிச்சு டைவர்ஸ் வாங்கப் போறவங்க, அதுலயும் குழந்தை இருக்கறவங்க, இதைப் படிச்சுட்டு உங்க பெட்டிஷனை எடுத்து ஒருதடவை பாத்துருங்க.

டைவர்ஸ் பத்தி சொல்ல பெருசா ஒண்ணுமில்ல. இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவுல போட்டோம், ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தோம், ஃபர்ஸ்ட் மோஷன் (சேர்ந்து மனு போடறது), ஆறு மாசம் காத்திருப்பு, செகண்ட் மோஷன் (மறுபடி வந்து உறுதி சொல்றது), 2023ல முடிஞ்சது. அந்த ஆறு மாசத்தை தேவைப்பட்டா கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு சுப்ரீம் கோர்ட் 2017லயே சொல்லிருச்சாம், எங்களுக்கு யாரும் சொல்லல. சண்டை இல்லாம நாகரிகமா பிரிஞ்சீங்கன்னு ஆளாளுக்கு பாராட்டு வேற. அந்த நாகரிகம்தான் வினையாச்சு. ரெண்டு பேருக்கும் கையெழுத்து போட்டுட்டு வெளிய வந்தா போதும்னு இருந்துச்சு. நகை, வண்டி, டெபாசிட் பிரிக்கறதுக்கு ஒன்றரை பக்கம், கிராம் கணக்கு எஞ்சின் நம்பர் எல்லாம் போட்டு. புள்ளைக்கு ரெண்டே வரி: "மைனர் மகன் தாயின் பொறுப்பில் இருப்பான். தந்தை பரஸ்பரம் கலந்து பேசி அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்." இது எல்லா பெட்டிஷன்லயும் போடற வரிதாம்மான்னாரு வக்கீல். கலந்து பேச முடிஞ்சிருந்தா நாங்க எதுக்கு சார் கோர்ட்டுக்கு வரோம்னு அன்னிக்கே கேட்டிருக்கணும். கேக்கல.

மொதல் நாலு மாசம் ஓடிச்சு. அப்புறம் பரிட்சை நேரத்துல பையனோட அப்பா ராத்திரி ஒம்பது மணிக்கு வாசல்ல வந்து நிப்பாரு, அவ்வப்போதுன்னா இப்பவும் அவ்வப்போதுதானேம்பாரு. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டிட்டு போனவர் ஞாயிறு விடல, திங்கள் விடல, ஃபோன் எடுக்கல, புதன்கிழமைதான் ஸ்கூல் வாசல்ல இறக்கி விட்டாரு. நடுவுல செவ்வாய்க்கிழமை நான் ஸ்டேஷனுக்கு போனேன். அங்க இருந்தவர் டிகிரியை (கோர்ட் குடுத்த டைவர்ஸ் உத்தரவு) வாங்கி பொறுமையா படிச்சாரு, குறை சொல்ல முடியாது. படிச்சுட்டு, "ஏம்மா, ஞாயித்துக்கிழமை இத்தனை மணிக்கு திருப்பி விடணும்னு இதுல எங்கயாச்சும் இருக்கா? அவரும் அப்பாதானே. இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்கு போங்க"ன்னுட்டாரு. அவர் சொன்னதுல தப்பே இல்ல, அதுதான் இன்னும் எரிச்சல்.

இங்க என் பக்கத்து தப்பையும் சொல்லிடறேன். அந்த மாசம் அவர் ஜீவனாம்சப் பணம் போடல. போட்டாதான் புள்ளையை காட்டுவேன்னு சொல்லி மூணு மாசம் விடவே இல்ல. புதுசா பாத்த வக்கீல் முதல் நாளே இதுக்குத்தான் என்னை திட்டினாரு. பணம் தனி, பாக்கற உரிமை தனி, பணம் வரலன்னா அதுக்கு தனி மனு போடுங்க, புள்ளையை பூட்டி வச்சீங்கன்னா நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி உங்க பக்கம் பேசறதுக்கு எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னாரு. உங்க வாட்ஸப் மெசேஜ் எல்லாம் எதிர்பக்கம் பிரின்ட் எடுத்து ஃபைல் பண்ணுவாங்க, மனசுல வச்சுக்கோங்க. என்னோடது 14 பக்கம் வந்துச்சு. அதுல நான் டைப் பண்ணியிருக்கறத இப்ப படிச்சா எனக்கே கூசுது.

அந்த வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு உயிர் குடுத்துச்சு. டைவர்ஸ் முடிஞ்சாலும் குழந்தை விஷயம் முடியாது. இந்து திருமணச் சட்டம் 26வது பிரிவுல, டிகிரிக்கு அப்புறமும் குழந்தை பத்தின ஆர்டரை மாத்தச் சொல்லி மனு போடலாம். ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல கல்யாணம் பண்ணவங்களுக்கு 38. அதே மாதிரி "அஞ்சு வயசு தாண்டிட்டா பையன் அப்பாகிட்ட போயிடுவான்"னு எங்க சொந்தத்துல பாதி பேர் என்னை பயமுறுத்தி வச்சிருந்தாங்க. 1956 இந்து மைனர் பாதுகாவலர் சட்டத்துல அஞ்சு வயசு முடியற வரை சாதாரணமா அம்மாகிட்டன்னு இருக்கே தவிர, அதுக்கு மேல தானா அப்பாவுக்குன்னு எங்கயும் இல்ல. எந்த வயசா இருந்தாலும் குழந்தைக்கு எது நல்லதுங்கறதுதான் முதல் கேள்வி.

சரி, மனு போடப் போனேன். நான் வேலைக்காக வேற மாவட்டம் வந்துட்டேன், அதனால இங்கயே போட்டேன். பதினேழு நாள் கழிச்சு ரிட்டர்ன் ஆயிடுச்சு. கோர்ட் ஆபீஸ் செக்ஷன்ல இருந்த ஆள் நிமிர்ந்தே பாக்கல, "டிகிரி குடுத்த கோர்ட்டுல போடுங்க மேடம்"னு பேப்பர் கட்டை தள்ளிவிட்டாரு. இதை குடுத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமேன்னா, "அன்னிக்கு நான் லீவு". புதுசா கஸ்டடி (குழந்தை யார் பொறுப்புல இருக்கணும்ங்கறது) கேக்கறதுன்னா 1890 கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்துல குழந்தை வழக்கமா இருக்கற ஊர் கோர்ட்டுல போடலாமாம். நாங்க பழைய ஆர்டரை மாத்த கேக்கறோம், அதனால அங்கதான் போகணும்னாங்க. போனேன். பஸ்ல நாலு மணி நேரம், ஒவ்வொரு வாய்தாவுக்கும்.

அதுல ஒரு வாய்தாவுக்கு பையனையும் ஸ்கூல் கட் அடிக்க வச்சு கூட்டிட்டு போய் நின்னா ஜட்ஜ் லீவாம். டவாலி (கோர்ட் சேவகர்) வந்து நம்பரை மட்டும் படிச்சு அடுத்த தேதி சொல்லிட்டு போயிட்டாரு, பத்து நிமிஷத்துல கூட்டம் கலைஞ்சிருச்சு. உங்க கேஸுக்கு 16 இலக்க சிஎன்ஆர் நம்பர் இருக்கும், அதை ஈகோர்ட்ஸ் ஆப்ல போட்டு வச்சுக்கோங்க, தேதி மாறினா தெரியும். திடீர் லீவு அதுலயும் தெரியாது, அதுக்கு கிளம்பறதுக்கு முன்னாடி வக்கீலோட குமாஸ்தாவுக்கு ஒரு ஃபோன். எனக்கு அந்த குமாஸ்தா வக்கீலை விட அதிகமா உதவினாரு.

நடுவுல இன்னொரு கூத்து. பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனா, பர்த் சர்ட்டிஃபிகேட்ல 2017, டிகிரில 2011, ரெண்டும் ஒத்து வரலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆறு வயசு புள்ளை காயிதத்துல பன்னெண்டு வயசு! நேரா கோர்ட்டுல நகல் குடுக்கற காப்பி செக்ஷனுக்கு போய் கத்தினேன், ஏன் சார் ஒரு குழந்தையோட பிறந்த வருஷத்தை கூட ஒழுங்கா அடிக்க மாட்டீங்களான்னு. அந்தம்மா ஒண்ணும் பேசல. கேஸ் கட்டை எடுத்துட்டு வந்து எங்க ஒரிஜினல் பெட்டிஷனை திருப்பி காட்டினாங்க. அதுலயே 2011. "கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே மேடம்?" அவங்க உள்ளதை உள்ளபடி அடிச்சிருக்காங்க. வேற என்ன சொல்றது, சாரி சொல்லிட்டு வந்தேன். சிவில் ப்ரொசீஜர் கோட் 152ல திருத்த மனு போட்டு சரி பண்ணோம், அதுக்கு தனியா மூணு வாய்தா. பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணையும் பர்த் சர்ட்டிஃபிகேட்டை பக்கத்துல வச்சு விரலை வச்சு படிங்க, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி.

கவுன்சிலிங்தான் எனக்கு ரொம்ப வலிச்ச இடம். ஃபேமிலி கோர்ட்டுல சமாதானத்துக்கு முயற்சி பண்ணாம மேல போக மாட்டாங்க. கவுன்சிலர் பையனை தனியா கூப்பிட்டு பேசினாங்க. வெளிய வந்து என்கிட்ட, "உங்க பையன் நாலு வாக்கியம் கடகடன்னு ஒப்பிச்சாம்மா. அஞ்சாவது மறந்து போச்சுன்னு அழறான்"னாங்க. எங்கம்மா பஸ்ல வரும்போது சொல்லிக்குடுத்திருக்காங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பி தூங்கற மாதிரி இருந்தேன், காதுல விழுந்துச்சு, தடுக்கல. தயவுசெஞ்சு புள்ளைக்கு ட்யூஷன் எடுக்காதீங்க. விவரம் தெரியற வயசுன்னா அவங்க விருப்பத்தையும் ஜட்ஜ் கேக்கலாம்னு சட்டத்துல இருக்கு, ஆனா மனப்பாடம் எதுன்னு அவங்களுக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

கேஸ் முடியற வரைக்கும் இடைக்கால ஏற்பாடா ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் கோர்ட் வளாகத்துல இருக்கற குழந்தைங்க ரூம்ல அவர் பாக்கலாம்னு ஆர்டர். நான்தான் பொதுவான இடமா இருக்கட்டும்னு கேட்டது. சக்கரம் இல்லாத ரெண்டு காரு, சுவத்துல ஒரு யானை, பத்து குடும்பம், பத்து விதமான மௌனம். மூணாவது தடவையே எனக்கு புரிஞ்சுது, தண்டனை அவருக்கு இல்ல, பையனுக்குன்னு. அந்த ரூமை பாத்துட்டுதான் ரெண்டு பேரும் கொஞ்சம் இறங்கி வந்தோம்.

கடைசியா ஜாயின்ட் மெமோ (ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதை எழுதி கையெழுத்து போட்ட பேப்பர்) போட்டோம், ஆர்டர் வந்துச்சு. இந்த தடவை பையனுக்கு மூணு பக்கம்! ரெண்டாவது நாலாவது சனி காலை 10 மணியில இருந்து ஞாயிறு சாயங்காலம் 6 வரை, எங்க வந்து கூப்பிடணும், யார் யார் கையில ஒப்படைக்கலாம், புதன்கிழமை 7 மணிக்கு அரை மணி நேரம் வீடியோ கால், கோடை லீவுல பாதி பாதி, உடம்பு சரியில்லாம ஒரு வாரம் தவறினா அடுத்த வாரம் ஈடு, ரிப்போர்ட் கார்டு ரெண்டு பேருக்கும், பாஸ்போர்ட் எடுக்க என் கையெழுத்து மட்டும் போதும், ஆனா வெளிநாடு கூட்டிட்டு போகணும்னா அவருக்கு 30 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். அந்த கடைசி வரி அவர் கேட்டது. முதல்ல கோவம் வந்துச்சு. வெளிநாட்டுக்கு கொண்டுபோன குழந்தையை திருப்பி வரவழைக்க ஹேக் ஒப்பந்தம்னு 1980ல போட்டது ஒண்ணு இருக்கு, இந்தியா அதுல சேரல, அதனால அவர் பயமும் நியாயம்தான்னு வக்கீல் சொன்னதும் ஒத்துக்கிட்டேன்.

காப்பி அப்ளிகேஷன் போடும்போது ஒண்ணுக்கு மூணா கேட்டுருங்க, ஸ்கூலுக்கு ஒண்ணு, பாஸ்போர்ட்டுக்கு ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. ஆர்டர் வந்து ரெண்டு மாசம் கழிச்சுதான் எனக்கு காப்பி வந்துச்சு, நான் ஒண்ணுதான் கேட்டிருந்தேன், இப்ப மறுபடி போகணும்.

மெமோ எழுதும்போது ஒரே ஒரு வரிக்கு மட்டும் நான் ஒத்தக்கால்ல நின்னேன். கொண்டுவந்து விடறதுலயும் திருப்பி விடறதுலயும் அரை மணி நேரம் முன்ன பின்ன ஆனா தப்பில்லைன்னு அவர் பக்கம் கேட்டாங்க, ஒரு நிமிஷம் கூட விட முடியாதுன்னேன். ஜட்ஜம்மா என்னை பாத்து சிரிச்சுட்டு அந்த வரியை சேத்துட்டாங்க. அதுக்கப்புறம் அவர் ஒருதடவை கூட லேட்டா விடல. போன சனிக்கிழமை காலையில பையனை கொண்டுபோய் விட நான்தான் 25 நிமிஷம் லேட். அவர் கேட்டு வாங்கின அரை மணி நேரம் எனக்குத்தான் உதவிச்சு. ஒண்ணும் சொல்லாம பையனை வாங்கிக்கிட்டாரு.