திரைக்குப் பின்னால் ஒரு டார்ச் விளக்கு

"திரைக்கதை எழுத்தாளராக உங்கள் பயணம்" என்று தலைப்பும் கொடுத்து மலருக்கு எழுதச் சொன்னார் சங்கச் செயலாளர். பயணம் என்று சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை. எந்த நிறுவனத்தையும் சாராமல் தனியாக எழுதுகிறேன். எழுதியவை 11, படமானவை 2. மீதி மேசை லாச்சிக்குள் இருக்கின்றன.

தொடங்கிய இடம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: பள்ளி மண்டபத்து மேடையின் இடப்பக்கத் திரைக்குப் பின்னால். குரல் உடைந்துகொண்டிருந்த வயது என்பதால் நாடகத்தில் என்னைச் சேர்க்கவில்லை. தமிழாசிரியர் பிரதியையும் ஒரு டார்ச் விளக்கையும் தந்து, வசனத்தை மறப்பவர்களுக்கு எடுத்துக்கொடுக்கச் சொன்னார். யார் தடுமாறினாலும் அந்த வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்க வேண்டும்.

மூன்று வார ஒத்திகை. அரசனாக நடித்தவன் மனப்பாடத்தில் வகுப்பிலேயே முதல்வன். அவனும் மற்றவர்களைப் போலவே, உணர்ச்சியை விளக்கிச் சொல்லும் வரிகளில்தான் தடுமாறினான். "என் நெஞ்சம் துயரக் கடலில் மூழ்குகிறதே" என்பதற்கு மட்டும் ஒன்பது புள்ளிகள். "கதவைச் சாத்து" என்பதை ஒருநாளும் யாரும் மறக்கவில்லை. ஆசிரியர் பிரதியை வாங்கிப் புரட்டினார். புள்ளி மிகுந்த வரிகளையெல்லாம் சிவப்பு மையால் அடித்தார். நாடகத்தை எழுதியவர் அவரேதான்.

இப்போது வாரம் ஒருமுறை இளம் எழுத்தாளர்கள் நால்வர் என்னிடம் வருகிறார்கள். ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது தொழில் கணக்கு. 140 பக்கத்தைக் கட்டிக்கொண்டு வந்து எதை வெட்டுவது என்று கேட்பார்கள். பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, காட்சியை வாயால் சொல்லச் சொல்வேன். சொல்லாமல் விட்ட வரிக்குப் புள்ளி. பின்னால் உதவப்போகும் துப்புள்ள வரி என்றால் மட்டும் மன்னிப்பு.

ஒப்பந்தம் படிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. தயாரிப்பாளர் சிறு தொகை கொடுத்துக் கதையை ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ பிடித்துவைப்பார். அதற்குள் எடுக்காவிட்டால் உரிமை நமக்கே திரும்பிவிடும். என் முதல் கதை திரும்பி வந்ததே தெரியாமல் மேலும் ஓராண்டு தொலைபேசிக்குக் காவல் இருந்தேன். அமெரிக்க எழுத்தாளர் சங்க விதிப்படி, படத்தின் பெயர்ப்பட்டியலில் இரண்டு எழுத்தாளர்களின் பெயர்களுக்கு நடுவே '&' குறி இருந்தால் சேர்ந்து எழுதியவர்கள்; 'அண்ட்' என்று எழுத்தில் இருந்தால் தனித்தனியே எழுதியவர்கள். இதைச் சொன்ன நாளிலிருந்து ஒருத்தி படங்களின் பெயர்ப்பட்டியலை விவாகரத்து வழக்குபோலப் படிக்கிறாள்.

சென்ற மாதம் என் புதிய பிரதியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஒரு காட்சியை நான் சொன்னேன். அழகு என்று நான் நினைத்திருந்த வரியை நானே விட்டுவிட்டேனாம். நால்வரும் அதே இடத்தில் புள்ளி வைத்திருந்தார்கள். ஆசிரியர் நின்ற நிலையிலேயே அடித்தார். எனக்கு இரண்டு நாள் பிடித்தது.