லீஸ்டியில் என்ன விலை?

பாலக்காட்டுக் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் எங்கள் மளிகைக் கடையை இடித்துக் கட்டப்போவதாகத் தம்பி சொன்னதால், சென்ற மாதம் பரணைக் காலி செய்யப் போயிருந்தேன். அப்பாவின் பழைய பற்றுவரவு நோட்டுகளுக்கு நடுவே, என் கையெழுத்தில் ஒரு நீள நோட்டு இருந்தது. இடப்பக்கம் வரிசையாக ஊர்ப்பெயர்கள்: லாவே, டிசோ, லீஸ்டி, சவோன்ஸ், ரியோர்ட், ரீட்குவாட். எதிரே உணவு, துணி, மது, இயந்திரம், கணினி என்று தலைப்பிட்டு, பென்சிலால் விலைகள். தம்பி புரட்டிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் எந்தத் திக்குல இருக்குற ஊருங்கண்ணா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது; பதில் சொல்லத்தான் சற்று நேரமாயிற்று.

அவை ‘எலைட்’ என்ற கணினி விளையாட்டின் கோள்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபன், இயான் பெல் ஆகிய இருவர் எழுதி, ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் 1984 செப்டம்பரில் பிபிசி மைக்ரோ கணினிக்காக வெளியிட்டது. அந்தக் கணினி பாலக்காட்டுக் கிழக்கு எல்லைக்கு வந்ததற்கு மத்திய அரசின் ‘கிளாஸ்’ திட்டமே காரணம். பள்ளிகளில் கணினிக் கல்வியைத் தொடங்குவதற்காக 1984இல் வந்த அத்திட்டத்தில், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோவையே அனுப்பினார்கள். 1987இல் நான் எட்டாம் வகுப்பில் சேர்ந்த பள்ளியிலும் அது இருந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். ஒரு கணினிக்கு நான்கு பேர். விசைப்பலகையின் மேல்வரிசையில் செந்நிறச் செயல்விசைகள். அவற்றைத் தொட்டாலே ஏதோ கெட்டுவிடும் என்ற பயம். வகுப்புத் தோழன் ஒருவனின் மாமா வெளிநாட்டிலிருந்து வந்தபோது கொண்டுவந்த ஃபிளாப்பியில்தான் எலைட் இருந்தது. கையேடு கிடையாது, பெட்டியும் கிடையாது, நகல் எடுத்த வட்டு. கணக்கு மாஷ் (ஆசிரியர்) மனமிரங்கினால் சனிக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கிடைக்கும். அது முடிந்ததும் வாசலில் நின்று “மதி, மதி” (போதும், போதும்) என்பார்.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் மட்டுமே ஆன கப்பல்கள் அதுவரை நாங்கள் பார்த்த எதைப் போலவும் இல்லை. மற்ற விளையாட்டுகளில் மூன்று உயிர் இருக்கும், மதிப்பெண் ஏறும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இதிலோ 100 கிரெடிட் பணம், 20 டன் சரக்கு ஏற்றக்கூடிய கோப்ரா என்ற கப்பல், ஏழு ஒளியாண்டு தூரத்துக்கு எரிபொருள் ஆகியவற்றைக் கையில் கொடுத்து, லாவே என்ற கோளருகே நிறுத்திவிட்டு, இனி உன் பாடு என்று விட்டுவிடுவார்கள். (அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பதென்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, லாவே என்றே வாசித்தோம், எனக்கு இன்றும் அது லாவேதான்.) எங்கே போக வேண்டும், எதற்குப் போக வேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. வரைபடத்தில் 256 புள்ளிகள். நம் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருப்பது போய்ச் சேரக்கூடிய ஊர், வெளியே இருப்பது அடுத்த ஊரிலிருந்து எட்டக்கூடிய ஊர். என் தோழர்களுக்குக் கொள்ளையரைச் சுடுவதில்தான் விருப்பம். நான் மட்டும் குறியீட்டைப் புள்ளிமேல் நகர்த்தி நகர்த்திப் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பேன். சண்டைக்காகவே எலைட்டைப் புகழ்கிறவர்கள் அதன் பாதியைத்தான் விளையாடியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

வியாபாரப் பகுதியை எங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வேளாண்மைக் கோளில் உணவு மலிவு, தொழிற்கோளில் கணினியும் இயந்திரமும் மலிவு. இங்கே வாங்கி அங்கே விற்க வேண்டும். பொள்ளாச்சியில் வாங்கிப் பாலக்காட்டில் விற்றுப் பிழைக்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது பாடமா? போதைப் பொருளும் துப்பாக்கியும் ஏற்றினால் லாபம் கொழுத்தது. ஆனால் காவல் கப்பல்களின் பகை வரும், நம் பெயர் குற்றவாளிப் பட்டியலுக்குப் போகும். தமிழ்நாட்டு அரிசியைக் கேரளத்துக்குக் கொண்டுவரத் தடை இருந்த காலத்தில், எங்கள் ஆத்தா முருங்கைக்காய்க்கு அடியில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு, செக்போஸ்ட்டில் பேருந்து நின்றதும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் சாய்ந்துகொள்வார். அந்தப் பேருந்தில் அவர் மடியில் உட்கார்ந்திருந்தவன் நான். திரையில் காவல் கப்பல் தெரிந்தபோதெல்லாம் எனக்குக் காலடியில் இருந்த அந்தப் பைதான் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் ஆத்தாவிடம் விளையாட்டை விவரித்தேன். வெற்றிலையை மென்றபடி முழுவதையும் கேட்டுவிட்டு, “ஏங்கண்ணு, போற ஊருல என்ன வெலைன்னு தெரியாமயா சரக்கு ஏத்துவாங்க?” என்றார். அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு கோளின் தொழில் என்ன, ஆட்சி எப்படிப்பட்டது என்பதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம். சந்தை விலையை மட்டும் அங்கே போய் இறங்கினால்தான் பார்க்க முடியும். அன்றிரவே அப்பாவிடம் புது நோட்டு ஒன்று கேட்டு வாங்கினேன். லாவேயில் உணவு டன் 4 கிரெடிட்டுக்குள் கிடைக்கும், லீஸ்டியில் 6க்குப் போகும். எரிபொருள் போக ஒரு நடைக்கு 30, 40 கிரெடிட் நிற்கும். ஆட்சி வகைகள் எட்டு. அவற்றில் ‘கம்யூனிஸ்ட்’ என்பதும் ஒன்று. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் நாயனார் கேரள முதலமைச்சராகியிருந்த அந்த ஆண்டில் எங்கள் வகுப்பில் அதற்கு எழுந்த சிரிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. லாவேயின் குறிப்பில் பரந்த மழைக்காடுகள் என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டு, எங்கள் மாவட்டத்துச் சைலன்ட் வேலியைப் போன்ற ஓர் இடம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். திரையில் அந்தக் கோள் வெறும் வட்டமாகத்தான் தெரிந்தது.

ஊர் கண்டுபிடிப்பதைவிடக் கடினம் ஊருக்குள் நுழைவது. கோளைச் சுற்றி வரும் நிலையம் தன்னைத்தானே சுழன்றுகொண்டே இருக்கும். அதன் ஒரு முகத்தில் மட்டும் நீள்சதுரமான சிறு வாசல். அந்த வாசல் எப்போதும் கோளை நோக்கியே இருக்கும் என்பதைக் கண்டறிய எங்களுக்கு மூன்று சனிக்கிழமைகள் ஆயின. எனவே முதலில் கோளுக்கும் நிலையத்துக்கும் இடையே போய், திரும்பி, வாசலை நேரே வைத்து, வேகத்தைக் குறைத்து, நிலையம் சுழலும் அளவுக்கே நம் கப்பலையும் உருட்ட வேண்டும். வாசல் திரையில் படுக்கைக் கோடாக அசையாமல் நின்றுவிட்டால் உள்ளே போகலாம். கடைசி நொடியில் விரல் ஒரு முறை கூடுதலாக அழுந்தினால் கோடு சாயும், கப்பல் நொறுங்கும், வாங்கிய சரக்கெல்லாம் போகும். தானாகவே நுழையும் கருவி 1500 கிரெடிட். அதை வாங்குமளவு பணம் சேர்ந்தபோது எனக்கு அது தேவைப்படவில்லை. அந்தச் செருக்கு இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இதையெல்லாம் 32 கிலோபைட் நினைவகத்தில் எப்படி அடைத்தார்கள் என்பது பொறியியல் படிக்கப்போன பிறகுதான் விளங்கிற்று. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இன்று அதைப்போல் நூறு மடங்கு இருக்கும். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கோள்கள், ஆக 2048. இவற்றில் ஒன்றின் பெயர்கூட எங்கும் சேமிக்கப்படவில்லை. தொடக்கமாக மூன்று எண்கள் மட்டும், மொத்தம் ஆறு பைட்டுகள். அவற்றைக் கூட்டிக் கூட்டி அடுத்த கோளுக்கான எண்களை உண்டாக்கி, அந்த எண்களின் துண்டுகளிலிருந்தே தொழில், ஆட்சி, பெயர் யாவற்றையும் எடுக்கிறார்கள். பெயர்கள் இரண்டிரண்டு ஆங்கில எழுத்துகளாலான துண்டுகளை ஒட்டுவதால் பிறக்கின்றன. லா, வே இரண்டும் சேர்ந்தால் லாவே. அடுத்த மண்டலத்துக்குப் போக ஒவ்வொரு பைட்டையும் ஓரிடம் சுழற்றினால் போதும். எட்டு முறை சுழற்றினால் புறப்பட்ட மண்டலத்துக்கே திரும்பிவிடலாம். அப்பா வட்டிக்கணக்கை எழுதி வைத்துக்கொள்ள மாட்டார். கேட்கும்போது மனத்திலேயே போட்டுச் சொல்வார், எத்தனை முறை கேட்டாலும் அதே தொகைதான் வரும். லீஸ்டியும் அப்படித்தான் இருந்தது. கேட்டபோது உண்டாயிற்று, கேட்டபோதெல்லாம் அதே இடத்தில் உண்டாயிற்று.

1988 மழைக்காலத்தில் ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் போயிற்று. அவ்வளவுதான். பின்னாளில் 2014இல் பிரேபனின் நிறுவனம் வெளியிட்ட ‘எலைட் டேஞ்சரஸ்’ விளையாட்டில் 40,000 கோடி விண்மீன் அமைப்புகள் உண்டு. கண்ணைப் பறிக்கும் அழகு. இரண்டு வாரம் ஆடினேன். அங்கே விலைகளை நோட்டில் எழுத வேண்டும் என்று எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. எழுதி வைக்க வேறு ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பரணிலிருந்து கொண்டுவந்த நோட்டோடு, பிபிசி மைக்ரோவைப் போலவே இயங்கும் ஒரு நிரலைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியில் ஓடவிட்டேன். 2017இல் ஜிஎஸ்டி வந்த பிறகு எங்கள் எல்லையில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டுவிட்டன, அரிசியை இன்று யாரும் ஒளித்துக் கொண்டுவருவதில்லை, ஆத்தாவும் இல்லை. லாவேயில் 20 டன் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் முறை லீஸ்டி நிலையத்தின் வாசலில் மோதி நொறுங்கினேன். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு, வாசல் படுக்கைக் கோடாக நிற்கும் வரை காத்திருந்து, நுழைந்தேன். விலைப்பட்டியலைத் திறந்து, நோட்டில் உணவுக்கு நேராக இருந்த பென்சில் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சில தசமங்களே வேறுபாடு. அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டு, புதிய விலையை எழுதினேன்.